முதல் சவரக்கத்தி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மடக்குச் சவரக்கத்தியால் தாமே மழித்துக்கொள்ளப் பழக விரும்புபவர்கள், எந்த நிறுவனத்துக் கத்தியை வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. முகத்தில் வைக்கத்தக்க கூரைப் பெறக்கூடிய வடிவில் இந்தக் கத்தி செய்யப்பட்டிருக்கிறதா? அந்தக் கூரை இதற்கு ஏற்றிக் கொடுத்தவர் யார்? இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்காத கத்தியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் கத்தியாக வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் கத்தியை இணையக் கடை ஒன்றில் படத்தைப் பார்த்து வாங்கினேன். அலகு முழுவதும் அலையலையாகக் கோலமிட்டாற்போல் இருந்தது. பிடி மெருகேற்றிய மரம். கன்னத்தில் வைத்து இழுத்தபோது முடி அறுபடவில்லை, பிடுங்கப்பட்டது. கைப்பழக்கம் போதவில்லை என்று எண்ணி மூன்று மாதம் முயன்றேன். தோல் சிவந்து எரிந்ததே மிச்சம். பிறகு, நெடுங்காலமாக இத்தகைய கத்தியால் மழித்துவரும் பெரியவர் ஒருவர், தம்மிடம் உபரியாக இருந்த பழைய ஜெர்மானியக் கத்தி ஒன்றைத் தீட்டி எனக்கே கொடுத்துவிட்டார். முதல் இழுப்பிலேயே நுரையோடு முடியும் வழித்துக்கொண்டு வந்தது. புதிதாகப் பழகுபவருக்குக் கெட்ட கத்தியையும் பழகாத கையையும் பிரித்தறிய வழியே இல்லை. இரண்டும் ஒரே எரிச்சலைத்தான் தருகின்றன. முதல் கத்தி நல்லதாக அமைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

முடிதிருத்தகத்தில் காணும் கத்தி வேறு

நம் ஊர் முடிதிருத்தகங்களில் இன்று காண்பது உண்மையான சவரக்கத்தி அன்று. இரட்டை முனை பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் செருகிப் பயன்படுத்தும் பிடி அது. ஒருவருக்கு இட்ட பிளேடை அடுத்தவருக்கு இடாமல் எறிந்துவிடலாம் என்பதால், கடைக்கு அதுவே சரியானது. நோய்த்தொற்றைத் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை. அதற்கு முந்தைய தலைமுறைத் தொழிலாளர்கள் அடைப்பம் என்னும் கருவிப்பையில் எடுத்துச் சென்றதே, நாம் இங்கே பேசும் கத்தி. அதன் அலகை மாற்ற முடியாது. கல்லில் தீட்டி, தோல்வாரில் வழித்து, ஒரே அலகை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்த வேண்டும்.

பிளேடு செருகும் பிடி மலிவாகக் கிடைக்கிறதே, அதில் பழகிவிட்டுப் பிறகு உண்மையான கத்திக்கு மாறலாமே என்று பலர் கேட்கிறார்கள். கை நடுக்கம் போகுமா, கண்ணாடியைப் பார்த்து இடக்கையாலும் மழிக்க முடியுமா என்று அறிந்துகொள்ள அது உதவும். அதற்கு மேல் அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒடித்த பிளேடு மெலியது, குறுகியது, எடையற்றது. சாய்வு சிறிது பிறழ்ந்தாலும் தோலைக் கீறிவிடும். உண்மையான கத்தியின் எடையும் அகலமும் தோலின் மேல் அமர்ந்து கைக்கு வழிகாட்டுகின்றன. ஒன்றில் கற்ற அழுத்தமும் சாய்வும் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிளேடு பிடியில் வெட்டுப்பட்டு, உண்மையான கத்தியைத் தொடாமலேயே ஆசையை விட்டுவிட்டவர்களும் உண்டு.

முதுகும் வாயும்

சவரக்கத்தியின் உறுப்புகளுக்குப் பெயர் தெரிந்திருந்தால் விற்பவரிடம் பேசுவது எளிது. வெட்டும் விளிம்பு வாய். அதற்கு எதிரே தடித்திருப்பது முதுகு. இரண்டுக்கும் இடைப்பட்ட தகடு அலகு. அலகுக்குப் பின்னால் விரல்கள் பிடிக்கும் பகுதி காம்பு. அதன் கடைசியில் வளைந்து நீளும் நுனி வால். அலகு மடங்கி நுழையும் இரு பட்டைகளே பிடி. அவற்றை இணைப்பவை தறையாணிகள்.

இந்தக் கத்தியின் நுட்பம் முழுவதும் முதுகில் இருக்கிறது. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதைக் கைதான் முடிவுசெய்கிறது. சவரக்கத்தியைக் கல்லின் மேல் படுக்கவைத்தால், முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடுகின்றன. முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து சாய்வை நிலையாக்கிவிடுகின்றன. தீட்டத் தீட்ட வாய் தேய்ந்து அகலம் குறையும். முதுகும் கூடவே தேய்வதால் விகிதம் பெரிதாக மாறாது. இந்த எளிய ஏற்பாட்டை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

ஆகவே, வாங்குமுன் ஒரு வெர்னியர் அளவியால் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும், அல்லது எடுத்துச் சொல்லும்படி விற்பவரைக் கேட்க வேண்டும்: முதுகிலிருந்து வாய் வரை அலகின் அகலம், முதுகின் தடிப்பு. அகலத்தைத் தடிப்பால் வகுத்தால் விடை ஏறத்தாழ மூன்றரை வருவது மிகப் பொருத்தம். மூன்றேகாலிலிருந்து நான்கு வரை ஏற்கலாம். எடுத்துக்காட்டாக, 16 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியின் வாய் சுமார் 16 பாகைக் கோணத்தில் அமையும். மழிப்பதற்கு அது நல்ல கோணம். அதே அகலத்துக்கு முதுகு 6 மில்லிமீட்டர் இருந்தால் கோணம் 21 பாகையைத் தாண்டும். அத்தகைய கத்தியை எவ்வளவு தீட்டினாலும் முடியை இழுக்கும். முதுகு தேய்ந்து 3.5 மில்லிமீட்டராகிவிட்ட பழைய கத்தியில் கோணம் பன்னிரண்டரைப் பாகைக்கு இறங்கிவிடும். வாய் மிக மெலிந்து, சில சவரங்களுக்குள் பொடிந்து உதிரும். காட்சிக்கு அழகாக இருந்த என் முதல் கத்தியைப் பின்னாளில் அளந்தபோது விடை மூன்றுக்கும் கீழே இருந்தது. அளவு கேட்டும் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டியதில்லை.

அகலம், குழிவு, நுனி

அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகக் குறிப்பது இத்தொழிலின் பழைய வழக்கம். 4/8 என்றால் சுமார் 13 மில்லிமீட்டர். 5/8 என்றால் 16. 6/8 என்றால் 19. 7/8 என்றால் 22. முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும். அகலம் மிகுந்தால் எடை கூடும், நுரையும் நிறையத் தாங்கும்; ஆனால் மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் குறுகிய இடத்தில், கத்தியின் வாய் எங்கே நிற்கிறது என்பதையே கண்ணாடியில் மறைத்துவிடும். 4/8 கத்தி கையில் துள்ளும். 5/8, 6/8 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 5/8 என்பேன். மீசை வைத்திருப்பவர், அதாவது மேலுதட்டை மழிக்கத் தேவையில்லாதவர், 6/8 எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது குழிவு. முற்காலக் கத்திகளின் அலகு ஆப்பு வடிவில், முதுகிலிருந்து வாய் வரை நேராகச் சரிந்திருந்தது. சுழலும் சாணைச் சக்கரத்தில் அலகின் இரு பக்கங்களையும் குழிவாகத் தேய்க்கும் முறை வளர்ந்தபின் அலகு மெலிந்தது. கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் மட்டுமே தொடுமாறு ஆயிற்று. உண்மையான ஆப்பு வடிவக் கத்தியோ, பக்கம் முழுவதும் கல்லில் படிவதால் தீட்டுவதற்குக் கடினமானது. அனுபவசாலிகளே அதனோடு போராடுகிறார்கள். எனவே ஆப்பு வேண்டாம். அரைக்குழிவு, முழுக்குழிவு ஆகிய இரண்டில் எதுவும் தகும். முழுக்குழிவு அலகு தாளைப்போல் மெலிந்து, முடியை வெட்டும்போது மெல்லிய ஓசை எழுப்பும். அந்த ஓசையைக் கேட்டே சாய்வு சரியா என்று அறியலாம் என்பது கற்பவருக்குப் பெரிய துணை. அரைக்குழிவில் ஓசை குறைவு, ஆனால் அலகு விறைப்பாக நிற்கும். நம்மில் பலருக்கு இருப்பதுபோன்ற தடித்த, அடர்ந்த தாடிக்கு அது ஆறுதலாக இருக்கும்.

நுனியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: உருண்டை நுனி. சதுர நுனி கிருதாவையும் மீசையின் ஓரத்தையும் துல்லியமாகத் திருத்த உதவும். ஆனால் பழகாத கையில் அந்த மூலை காதுமடலையும் கன்னத்தையும் குத்தும். பிரெஞ்சு நுனி, ஸ்பானிய நுனி என்னும் வகைகள் இவற்றுக்கு இடைப்பட்டவை. இரண்டாவது கத்தி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் தனிக் கத்தி தேட வேண்டியதில்லை. ஐரோப்பிய மரபுக் கத்திகள் இரு பக்கமும் ஒத்தவை. அலகில் பொறித்த பூவேலை மட்டும் ஒரு பக்கம் இருக்கும். ஜப்பானியரின் காமிசோரி அப்படியன்று. அதன் இரு பக்கங்களும் வெவ்வேறு வடிவில் தேய்க்கப்பட்டவை, மடங்காத கத்தி வேறு. அதன் அழகில் மயங்கி முதல் கத்தியாக வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

எஃகும் அலைக்கோலமும்

பெரும்பாலான நல்ல சவரக்கத்திகள் கரிமம் மிகுந்த எஃகால் ஆனவை. அது கல்லுக்கு எளிதில் இணங்கும், கூர் விரைவில் ஏறும்; ஈரம் பட்டால் துருவும் விரைவில் ஏறும். துருவேறா எஃகுக் கத்திகளும் உண்டு. ஜெர்மனியின் ஹென்கல்ஸ் நிறுவனம் ஃபிரியோடூர் என்னும் பெயரில் செய்த கத்திகள் அவற்றுள் புகழ்பெற்றவை. அவை கூரை நெடுநாள் தாங்கும். கல்லில் மட்டும் சற்றுக் கூடுதல் உழைப்பு கேட்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்பவர், தம் கத்தியை ஒவ்வொரு நாளும் துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை தமக்கு இல்லை என்று கருதினால், துருவேறா எஃகைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

அலகில் அலைக்கோலம் தெரியும் ‘டமாஸ்கஸ்’ கத்திகள் மலிவாக விற்கப்படுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரின் பின்னால் நம் மண்ணின் வரலாறு இருப்பதால், ஏமாற்றமும் கூடுதலாக வலிக்கிறது. மேற்காசியாவில் டமாஸ்கஸ் வாள் என்று புகழ்பெற்றவை, தென்னிந்தியாவில் மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிச் செய்த எஃகோடு தொடர்புடையவை. ஐரோப்பியர் அந்த எஃகை ‘வூட்ஸ்’ என்று அழைத்தனர். அச்சொல் ‘உக்கு’, ‘உருக்கு’ என்னும் நம் சொற்களின் உறவு. லண்டனில் கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை மிகவும் மதித்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதை ஆராய்ந்து, எஃகுக் கலவைகளைப் பற்றி 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். சவரக்கத்திக்கு ஏற்ற எஃகைத் தேடுவதும் அந்த முயற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. ஆனால் இன்று இணையத்தில் மலிவாக விற்கும் கத்தி அந்த எஃகு அன்று. இரண்டு வகை எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் நனைத்துக் கோலத்தைத் தெரியவைக்கிறார்கள். திறமையான கொல்லர் செய்தால் அதுவும் நல்ல கத்தியே, விலையும் அதற்கேற்ப இருக்கும். மலிவான கத்தியில் கோலம் மட்டும் இருக்கும். எஃகு சரியாகக் கடினமாக்கப்பட்டதா என்பதற்கு எந்தச் சான்றும் இருக்காது. சவரக்கத்தியின் கடினம், எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60க்கு அருகில் இருக்க வேண்டும். அதைவிட மிகவும் மென்மையான எஃகில் ஏற்றிய கூர், ஒரு சவரம் முடிவதற்குள் மடங்கிவிடும்.

பழைய ஆங்கிலக் கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ என்று பொறித்திருப்பதைக் கண்டு அதில் வெள்ளி கலந்திருப்பதாகவும் நம்ப வேண்டாம். ஸ்டோடார்ட், ஃபாரடே ஆய்வில் வெள்ளி கலந்த எஃகு பாராட்டப்பட்டதால் பரவிய விற்பனைப் பெயர் அது.

புதியதா, பழையதா?

சவரக்கத்திக்கு மூன்று ஊர்களின் பெயர் நினைவில் இருந்தால் போதும்: ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர். இன்றும் புதிய கத்திகள் வருவது பெரும்பாலும் சோலிங்கனிலிருந்தும் தியேரிலிருந்தும்தான். சோலிங்கனின் டோவோ 1906இல் தொடங்கிய நிறுவனம். போக்கர் 1869இல் தொடங்கியது. ரால்ஃப் ஔஸ்ட் சிறிய பட்டறை. தியேரில் தியேர் இஸ்ஸார் உள்ளது. இவற்றில் எதை வாங்கினாலும் அலகின் வடிவைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐரோப்பாவிலேயே நூறு யூரோவுக்குக் குறைவாக இவை கிடைப்பது அரிது. இந்தியாவுக்கு வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் கூடும்.

சோலிங்கன் என்னும் சொல்லை வெட்டுங்கருவிகளில் யார் பொறிக்கலாம் என்பதை ஜெர்மனி 1938 முதல் சட்டத்தால் காத்துவருகிறது. முக்கியமான வேலைகள் அனைத்தும் அந்த ஊர்ப் பகுதியிலேயே நடந்திருக்க வேண்டும். ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்று மட்டும் பொறித்து, ஊர்ப் பெயரோ செய்தவர் பெயரோ இல்லாத கத்தி எங்கு வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம்.

பணம் அளவாக உள்ளவருக்கு என் பரிந்துரை, சோலிங்கனிலோ ஷெஃபீல்டிலோ செய்த பழைய கத்தி ஒன்றை, அதைச் சீர்ப்படுத்தித் தீட்டி விற்பவரிடமிருந்து வாங்குவதே. நூறாண்டுக்கு முன் இக்கத்திகள் வீட்டுக்கு வீடு இருந்தன. ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்து பரவிய பின்னரே அவை மேசை இழுப்பறைகளுக்குள் ஒதுங்கின. அதனால் நல்ல எஃகு இன்னும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஏலத் தளங்களில் ‘கிடைத்த நிலையிலேயே விற்கப்படும்’ கத்தியை, தீட்டத் தெரியாத ஒருவர் வாங்கக் கூடாது.

பழைய கத்தியின் படங்களைக் கேட்டுப் பெற்றுப் பார்க்கும்போது, வாயிலிருந்து தொடங்குங்கள். மேசையின் நேர்விளிம்பில் வைத்து எடுத்த படத்தில், வாய் நேராகவோ மிக மெல்லிய புன்னகைபோல் கீழ்நோக்கி வளைந்தோ இருக்கலாம். நடுவில் உள்வாங்கி இருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் அந்தக் குழிவை நீக்க நிறைய எஃகைத் தேய்த்தெறிய வேண்டும். வாயில் சிறு உடைவு இருந்தால் தேர்ந்தவர் சரிசெய்துவிடுவார். விரிசலுக்கு மட்டும் மருந்தே இல்லை. மயிரிழை அளவு விரிசலும் கத்தியைக் கொன்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். கத்தியை நேரில் பார்க்க வாய்த்தால், முதுகை நகத்தால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். நல்ல அலகு மணிபோல் ஒலிக்கும், விரிசல் விட்டது மங்கலாக ஒலிக்கும்.

துருவைப் பற்றி அச்சம் வேண்டாம், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகிலும் காம்பிலும் உள்ள கருமை வயதின் நிறம், தீங்கில்லை. வாயை ஒட்டி ஒரு மில்லிமீட்டருக்குள் சிவந்த துருவோ குழிகளோ இருந்தால், கல்லில் தீட்டும்போது அந்தக் குழிகள் வாய்க்கு வந்து, அங்கே எஃகு பொடிந்து உதிரும். முதுகு இரு பக்கமும், முன்னும் பின்னும், ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டையாகத் தேய்ந்திருந்தால், அலகு முறுக்கியது, அல்லது முன்பு வைத்திருந்தவர் தவறாகத் தீட்டினார் என்று பொருள்.

பிடியைக் கடைசியாகப் பாருங்கள். மடக்கும்போது அலகு இரு பட்டைகளுக்கும் நடுவே, எதையும் தொடாமல் இறங்க வேண்டும். தறையாணி தளர்ந்து அலகு ஆடக் கூடாது. செல்லுலாய்டு பிடியில் கற்பூர வாசனை வருவது இயல்பே, அது கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள். ஆனால் மூக்கைத் துளைக்கும் அமில நெடி வந்து, அலகில் பிடி மூடும் இடத்தில் மட்டும் துரு படர்ந்திருந்தால், பிடி சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து எழும் ஆவி அலகையும் அரிக்கும், பக்கத்தில் வைத்த மற்றக் கத்திகளையும் அரிக்கும். யானைத்தந்தப் பிடியுள்ள கத்தி எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானைத்தந்த வணிகத்தை இந்தியாவில் தடைசெய்துள்ளன.

தோல்வாரும் தீட்டுபவரும்

கத்திக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தோல்வாருக்கு எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் கத்தியைத் தோலில் வழிக்காவிட்டால், எந்தக் கத்தியும் ஒரு வாரத்துக்கு மேல் மழிக்காது. ஒரு பக்கம் தடித்த பருத்தித்துணி அல்லது லினன், மறுபக்கம் தோல் என்று இரட்டையாகத் தொங்கும் வாரே சிறந்தது. ஆறு முதல் ஏழரைச் சென்டிமீட்டர் அகலம் இருந்தால், குறுக்காக இழுக்காமல் அலகு முழுவதையும் ஒரே வழிப்பில் தோலில் படவைக்கலாம். துணியில் இருபது முறை, தோலில் ஐம்பது முறை என்பது பொதுவான அளவு. எப்போதும் முதுகு முன்னே செல்ல வேண்டும். திரும்பும்போது முதுகை ஊன்றித்தான் திருப்ப வேண்டும். வாயைத் திருப்பினால் தோல் வெட்டுப்படும், கூரும் போய்விடும்.

முதல் வாரைக் கட்டாயம் வெட்டிவிடுவீர்கள், எல்லாரும் வெட்டுகிறார்கள். ஆகவே விலையுயர்ந்த வார் இப்போது தேவையில்லை. தாவரப் பொருளால் பதனிட்ட, மடிப்பும் தழும்பும் இல்லாத தோல்பட்டை ஒன்று போதும். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் நீண்ட மரபு தமிழ்நாட்டுக்கு உண்டு. திருச்சி, திண்டுக்கல் பகுதிகளில் தோல் வணிகம் செய்பவர்களிடம் கேட்டால், ஒரு வாருக்கு வேண்டிய துண்டு கிடைக்கும். குரோமியத்தால் பதனிட்ட செருப்புத் தோலைத் தவிர்த்துவிடுங்கள்.

தீட்டும் கற்களை இப்போது வாங்காதீர்கள். வாயின் சாய்வை அமைக்க 1000 எண் கல், பிறகு 4000, 8000, மெருகுக்கு 12000 என்று (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்மையாகும்) அடுக்கடுக்காகச் செல்லும் வேலை அது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் என்னும் இயற்கைக் கல்லை விரும்புபவர்களும் உண்டு. கூரான வாய் எப்படி இருக்கும் என்பதைத் தம் முகத்தில் அறியாதவர், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் கல்லில் அறிய முடியாது. சில மாதங்களுக்கு ஒரு முறை தீட்டக் கொடுத்தால் போதும். கத்தியை வாங்குமுன், அதை யாரிடம் தீட்டக் கொடுக்கப் போகிறோம் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விற்பவரே அதைச் செய்பவரானால் மிக நன்று. பழைய கத்தியில் தொழில் கற்ற மூத்த முடிதிருத்துநர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் சென்று பணிவோடு கேளுங்கள். கல்லில் அலகு எழுப்பும் ஓசையை வைத்தே நிலையைச் சொல்லும் அந்த அறிவு எழுத்தில் அதிகம் பதிவாகவில்லை.

தெருவில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்ற அந்தச் சக்கரம், தாளைப்போன்ற அலகில் நொடிப்பொழுதில் சூட்டை ஏற்றிவிடும். எஃகில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. மறுபடி கூர் நிற்காது. பழைய கத்தியை வாங்கும்போதும் வாயருகே நீலமோ வைக்கோல் நிறமோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கத்தி வந்து சேர்ந்தபின்

தொழிற்சாலையிலிருந்து வரும் புதிய கத்திகள் பலவும் மழிக்கத்தக்க கூரோடு வருவதில்லை. எனவே புதிய கத்தி வாங்கினாலும், அனுப்புமுன் கையால் தீட்டித் தருகிறீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். வந்தவுடன் கட்டைவிரலால் வாயைத் தடவிச் சோதிக்காதீர்கள். விரலும் கெடும், கூரும் கெடும். முன்கை முடிக்கு மேலே, தோலைத் தொடாமல் அரைச் சென்டிமீட்டர் உயரத்தில் கத்தியை நகர்த்துங்கள். முடி நுனிகள் தாமாக அறுபட்டு விழுந்தால் கூர் இருக்கிறது. அலகின் முன்பகுதி, நடு, பின்பகுதி மூன்றையும் தனித்தனியே இப்படிப் பாருங்கள். பல கத்திகளில் நடுப்பகுதி மட்டுமே தீட்டப்பட்டிருக்கும்.

முதல் சவரத்துக்கு முன் தோல்வாரில் வழிக்க வேண்டாம். தேர்ந்த கை ஏற்றிய கூரைப் பழகாத கை தோலில் உருட்டிவிடுவது மிக எளிது. அந்தக் கூர் எப்படி இருக்கும் என்பதை முதலில் உங்கள் கன்னம் அறியட்டும். வெந்நீரால் தாடியை நனைத்து, நல்ல நுரை எழுப்பி, முதுகு தோலிலிருந்து ஒரு முதுகுத் தடிப்பளவு விலகி நிற்குமாறு கத்தியைச் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே இரு கன்னங்களை மட்டும் மழியுங்கள். மோவாயையும் மேலுதட்டையும் முதல் வாரத்தில் வழக்கமான ரேசருக்கே விட்டுவிடலாம். முடித்தபின் ஈரமாக்கிய படிகாரக் கட்டியை முகத்தில் தடவினால், எங்கே அழுத்தம் மிகுந்தது என்பதை எரிச்சலே காட்டிக்கொடுக்கும். கத்தியை நல்ல நீரில் அலசி, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, சிறிது நேரம் திறந்து வைத்து உலர்த்தி, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுக்காகிவிடும். குளியலறையில் கத்தியை வைக்கவே கூடாது. ஒருவர் கத்தியை வீட்டிலுள்ள மற்றவரும் பயன்படுத்தக் கூடாது.

கன்னத்தின் சமதளத்திலேயே, முடியின் திசையிலேயே, சாய்வு குறைவாக இருந்தும் கத்தி முடியை இழுக்கிறதென்றால், குறை உங்கள் கையில் இல்லை. மூன்று மாதம் நான் செய்ததுபோல் தொடர்ந்து முயலாமல், அன்றே தீட்டியவருக்கு எழுதுங்கள். அலகின் எந்தப் பகுதி இழுக்கிறது, எத்தனை சவரத்துக்குப் பின், தோல்வாரில் வழித்தீர்களா இல்லையா என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள். கத்தியை மடக்கி, திறந்துகொள்ளாதபடி காகிதநாடாவால் சுற்றி, கெட்டியான பெட்டியில் வைத்து அனுப்புங்கள். தம் வேலையை மதிப்பவர் அதை மறுபடி தீட்டி அனுப்புவார்.